நஞ்சப்பன் செய்த டப்பா

சூலூருக்குக் கிழக்கே ஒரு குளம் உண்டு. மழை ஏமாற்றிய வருடங்களில் அதில் ஆடு மேயும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஆடுகள் கரையேறி நிற்கும். குளத்துக்குள் விமானம் பறக்கும்.

எல்லாம் தெர்மாகோல் விமானங்கள். மூன்று முழ இறக்கை, முன்னால் ஒரு மோட்டார், உள்ளே ஒரு பேட்டரி. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, அதிலுள்ள குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி, தரையில் நின்றபடி ஓட்ட வேண்டும்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெயர் ஜெசிந்தா. முப்பத்தாறு வயது. மற்ற நாட்களில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடுவார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒருவருக்கு மட்டும் அறுபத்து மூன்று வயது. அவர் நஞ்சப்பன். டெலிபோன் துறையில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைப் போலவே அவரும் ஜெசிந்தாவை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

டீச்சர் அதிகம் பேச மாட்டார். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். விமானத்தை விழ வைத்தவர், உடைந்த கடைசித் துண்டு வரைக்கும் பொறுக்க வேண்டும். அதுவரை அடுத்தவர் பறக்கவிடக் கூடாது. விட்டுவைத்தால் ஆடு தின்றுவிடும்.

எல்லோரையும்விட அதிகம் பொறுக்கியவர் நஞ்சப்பன்.

"சார், இன்னைக்கு ஓட்டறதுங்களா, நடவுங்களா?" என்று டீச்சர் கேட்பார். மூக்கு மண்ணில் புதைந்து வால் வானத்தைப் பார்க்க நிற்கும் விமானத்துக்கு அங்கே நடவு என்று பெயர்.

"நாலு ஆச்சுங்க. அஞ்சாவது நடமாட்டேன்."

"அப்பிடித்தான் மூணாவதுக்கும் சொன்னீங்க."

விமானம் தன்னைவிட்டு விலகிப் போகும்போது நஞ்சப்பன் நன்றாகவே ஓட்டினார். திரும்பி அவரை நோக்கி வரும்போதுதான் சிக்கல். அப்போது அதன் இடம் இவருக்கு வலம். இறக்கை சாயும். இவர் பதறி எதிர்ப்பக்கம் தள்ளுவார். அது மேலும் சாயும். அப்புறம் பொறுக்க வேண்டியதுதான்.

"எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்க. முட்டுக் குடுக்கற மாதிரி. இடம் வலம் எல்லாம் யோசிக்காதீங்க."

"மண்டைக்குத் தெரியுதுங்க டீச்சர். வெரலுக்குத் தெரியலை."

"வெரலுக்குக் காது இல்லீங்க. மெதுவாத்தான் கேக்கும்."

நஞ்சப்பன் யோசித்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"குச்சியை விட்டுட்டா, விமானம் தானா நேராகற மாதிரி ஒரு டப்பா செஞ்சா தப்புங்களா?"

"தப்பு என்னங்க. வெரல் பழகற வரைக்கும் இருக்கட்டும். பசங்களுக்கும் ஆகும். செய்ங்க."

அது ஆடி மாதம். புரட்டாசி முடிவதற்குள் டப்பா பாதி ஆகியிருந்தது. ஐப்பசியில் அவர் மனைவி ராஜாமணிக்குப் பக்கவாதம் வந்தது.

இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலில் உட்கார வைத்தால் இடப்பக்கமே சாய்ந்தாள். டாக்டர் ஏதேதோ விளக்கினார். போகப் போகச் சரியாகும் என்று அவர் சொன்னது மட்டும்தான் நஞ்சப்பன் மனதில் நின்றது.

"நேரா உக்காரு, ராஜாமணி."

"நேராத்தானுங்க உக்காந்திருக்கேன்."

அவர் தோளைப் பிடித்து நிமிர்த்துவார். அவள் நல்ல கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி எதிர்த்துத் தள்ளுவாள். மெலிந்த உடம்பு. அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று அவருக்குப் புரியவில்லை.

"தள்ளாதீங்க. உழுந்துருவேன்."

"நீ இப்பத்தான் உழுந்துட்டிருக்கறே."

"ஐயோ, விடுங்க."

தலையணை வைத்தார். தலையணையைத் தள்ளிவிட்டாள். இரண்டு தலையணை வைத்தார். சத்தம் போட்டார். பிறகு சத்தம் போட்டதற்காக வெந்நீர் வைத்துக் கால் கழுவிவிட்டார். மறுநாளும் அதேதான்.

மாசி பிறந்த வாரம், ஒரு புதன்கிழமை. அவர் கட்டிலருகே போனார். ராஜாமணி நல்ல கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். அடி விழப் போகிறது என்று நினைப்பவர்கள் வைப்பது போல.

"நீங்க வேண்டாம். அக்காவைக் கூப்புடுங்க."

ராஜாமணியின் அக்காள் அடுத்த தெருவில் இருந்தாள். நஞ்சப்பன் போய்க் கூப்பிட்டார். திரும்பி வந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் அவர் கைக்குப் பயந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் வந்தாள். "நாலு மாசமா உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை. அந்தக் குளத்துக்குப் போயிட்டு வாங்க, நான் இருக்கறேன்" என்றாள்.

டப்பா முந்தின நாள்தான் முடிந்திருந்தது. தீப்பெட்டி அளவு. அதில் ஒரு பொத்தான். டப்பாவைச் சமமாக வைத்து அதை அழுத்தினால், இதுதான் நேர் என்று டப்பா வாங்கிக்கொள்ளும். அப்புறம் காற்றில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த நேருக்கே கொண்டுவந்து நிறுத்தும். அழுத்தும் வேலையைச் சனிக்கிழமையே வீட்டில் முடித்திருந்தார்.

"வாங்க சார்" என்றார் டீச்சர். மனைவியைப் பற்றிக் கேட்டார். நஞ்சப்பன் "இருக்கறாங்க" என்றார். டீச்சர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈயம் பத்த வெச்சது நல்லா இருக்குது."

"முப்பத்தஞ்சு வருசம் அதைத்தானுங்க செஞ்சேன்."

டப்பாவை விமானத்துக்குள் பொருத்தினார்கள். டீச்சருடைய ரிமோட்டையும் நஞ்சப்பனுடைய ரிமோட்டையும் ஒரு வயர் இணைத்தது. டீச்சர் தன் ரிமோட்டில் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் நஞ்சப்பனுடையது. விரலை எடுத்தால் டீச்சருடையது.

விமானம் ஏறியது. பனைமர உயரம் போனதும் டீச்சர் தன் ரிமோட்டிலிருந்து டப்பாவை இயக்கினார். சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுதுங்க சார். குச்சியை விடுங்க. என்ன செய்யுதுன்னு பார்க்கலாம்."

நஞ்சப்பன் கட்டைவிரலை எடுத்தார்.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே வட்டம் போடத் தொடங்கியது. விழவில்லை. தடுமாறவில்லை. அப்படித்தான் பறக்க வேண்டும் என்பது போல வட்டம் போட்டது.

அவர் குச்சியை வலப்பக்கம் கடைசி வரை தள்ளினார். அது வெடுக்கென்று நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. குச்சியை விட்டார். பழையபடி இடம். மறுபடி தள்ளினார். மறுபடி இடம். காற்றில் ஒரு துணியைப் பிடித்து உதறுவது போல இருந்தது.

"என்னங்க இது, கிறுக்குப் புடிச்சாப்பிடி."

"போதுங்க" என்று டீச்சர் விரலை எடுத்தார். டப்பாவை நிறுத்தி விமானத்தை இறக்கினார்.

இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

"வயர் மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"மாத்திக் குடுத்திருந்தா அப்பவே கவுந்திருக்குமுங்களே."

"ஆமாங்க. அது இல்லை."

நஞ்சப்பன் ஒவ்வொரு ஈயப் பற்றாக நகத்தால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"எத்தனை தடவைதான் நிமுத்தறதுங்க? நிமுத்த நிமுத்தச் சாயுது. நாம நல்லதுக்குத்தான் செய்யறோம்னு தெரிய வேண்டாமா? முரண்டு. எதைச் சொன்னாலும் முரண்டு. கையைத் தட்டிவிடுது."

டீச்சர் விமானத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"விமானம் கையைத் தட்டிவிடாதுங்களே சார்."

கரையில் ஓர் ஆடு செருமியது.

"டப்பாவை ஆன் பண்ணி, விமானத்தைக் கையில எடுங்க" என்றார் டீச்சர்.

எடுத்தார்.

"நேராப் புடிங்க."

இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பிடித்தார். இறக்கையின் பின் ஓரத்துப் பட்டைகள் கிர்ரென்று அசைந்தன. இடப்பட்டை மேலே போனது. வலப்பட்டை கீழே போனது. சத்தம் நிற்கவில்லை.

"நீங்க செஞ்சதுதானே. என்ன சொல்லுது?"

நஞ்சப்பனுக்கு அந்தப் பாஷை தெரியும். "வலப்பக்கம் உழுகறேன்ங்குது."

"உழுகுதுங்களா?"

"இல்லீங்க. நேராத்தான் இருக்குது."

"நேரா இருக்கறது அதுக்குத் தெரியுங்களா?"

டீச்சர் வலது இறக்கையின் நுனிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து, மெல்ல உயர்த்தினார். இடது இறக்கை தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம். பட்டைகள் இரண்டும் மட்டத்துக்கு வந்தன. கிர்ரென்ற சத்தம் அடங்கியது.

"இப்ப?"

"சும்மா இருக்குதுங்க."

"பயம் போயிருச்சு."

அவர் சாய்ந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்க வெச்சு அழுத்துனீங்க, சார்?"

"மேசையில வெச்சுத்தான்..." என்று தொடங்கி நிறுத்தினார். "இல்லீங்க. கட்டில் மேல."

"கட்டில் மேலயா?"

"அவ தூங்கிட்டிருந்தா. நான் எந்திரிச்சு மேசைக்குப் போனா அந்தப் பக்கம் சரிஞ்சுருவா. அதான் பக்கத்துல உக்காந்து, மெத்தை மேலயே வெச்சு அழுத்திட்டேன்." சாய்ந்த இறக்கையைப் பார்த்தபடி சொன்னார்: "மெத்தை அவ பக்கம் பள்ளமுங்க."

வேறு நாளாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பார்.

விமானம் ஏறுவதற்காகக் குளத்தில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். மட்டம் பார்த்துப் போட்ட பலகை. நஞ்சப்பன் விமானத்தை அதன்மேல் வைத்தார். பொத்தானின் மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"வூட்டுல அவளுக்குப் பொத்தான் இல்லீங்களே, டீச்சர்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தலையணைகளை, சட்டத்தில் ஊன்றிய கையை, புதன்கிழமையை. குனிந்தபடியே, விமானத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

"அவ பொய் சொல்றான்னு நெனைச்சேனுங்க. நேராத்தான் இருக்கேன், நேராத்தான் இருக்கேன்னு சொன்னப்பல்லாம், என்னைய எரிச்சல் மூட்டறதுக்குன்னு நெனைச்சேன்."

டீச்சர் அவர் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கச் சொன்னார்.

"அழுத்த வேண்டாங்க. இப்பிடியே ஏத்துங்க."

"மறுபடியும் சாயுமுங்க."

"சாயட்டும்."

விமானம் ஏறியது. டப்பா இயங்கியது. இடப்பக்கம் சாய்ந்து வட்டம் போட்டது. நஞ்சப்பனின் கட்டைவிரல் குச்சியை வலப்பக்கம் தள்ளப் போனது.

"தள்ளாதீங்க" என்றார் டீச்சர். "வலப்பக்கம் ஒரு நூல் வெச்சா போதும். வெச்சுட்டு எடுக்காம இருங்க."

அவர் ஒரு நூல் அளவு வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவசரப்பட்டுக் கூட்டினார். விமானம் மறுபக்கம் சாய்ந்தது.

"அது அதிகமுங்க. பழைய எடத்துக்கு வாங்க. காத்திருங்க."

காத்திருந்தார்.

வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிறகு வட்டம் இல்லாமல் போனது. விமானம் குளத்தின் நீளத்துக்குப் போனது. இடது இறக்கை ஒரு துளி தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போனது. கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பியது. இப்போது அவரை நோக்கி வந்தது. நஞ்சப்பன் இடம் எது வலம் எது என்று யோசிக்கவில்லை. அது வந்து, தலைக்கு மேலே கடந்து, நிழலை அவர்மேல் ஒருமுறை போட்டுவிட்டுப் போனது.

நாலு சுற்று ஓட்டினார். விரலை எடுத்தபோதெல்லாம் அது தன் சாய்வுக்குத் திரும்பியது. விரல் வந்தபோதெல்லாம் மெல்ல வந்தது.

இறக்கிய பிறகு டீச்சர் "பசங்க வந்துட்டாங்க" என்று கரைப்பக்கம் போனார்.

அன்று மத்தியானம் நஞ்சப்பன் கட்டிலில், ராஜாமணியின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அவள் நல்ல கையைத் தூக்கினாள்.

"தள்ளப் போறீங்களா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"சும்மா."

அவர் உள்ளங்கையை அவள் முதுகோரம் வைத்தார். தள்ளவில்லை. அவள் தூக்கிய கையை இறக்கவில்லை. எப்போது தள்ளுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துக் கையை மடியில் இறக்கினாள்.

திங்கட்கிழமையும் உட்கார்ந்தார். அவள் பார்க்கவில்லை என்று நினைத்து ஒருமுறை கொஞ்சம் நிமிர்த்தப் பார்த்தார். உடனே நல்ல கை சட்டத்தில் ஊன்றியது. அவர் விட்டுக்கொடுத்தார்.

"ஏமாத்தறீங்க."

"ஆமா. தப்புத்தான்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டு அவள் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அவளாகப் பேச்சுக் கொடுத்தாள். எதிர்வீட்டு முருங்கை காய்த்ததா என்று கேட்டாள். காய்த்தது என்றார். விமானம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"நாலு சுத்து போச்சு."

"உழுகலையா?"

"இல்லை."

"நெசமா?"

"நெசமா."

"டீச்சர் ஓட்டுச்சா, நீங்க ஓட்டுனீங்களா?"

"நான்தான்."

"அப்ப அது ரொம்பச் சின்ன விமானமா இருக்கும்" என்றாள். சிரித்தபோது முதுகு குலுங்கியது. அவர் உள்ளங்கைக்கு அது தெரிந்தது.

வியாழக்கிழமை கஞ்சி குடிக்கும்போது முதுகு அவர் கைமேல் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனது.

சனிக்கிழமை காலை அக்காள் வந்து, ராஜாமணியை உட்கார வைப்பதற்காகக் கட்டிலருகே போனாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள் ராஜாமணி. "அவரு வரட்டும்."

சமையலறையில் இருந்த நஞ்சப்பனுக்கு அது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஓடாமல் நடந்து வந்தார்.

மறுநாள் குளத்துக்குப் போனார். டீச்சர் பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து விமானத்தின் இறக்கையை ரப்பர் வளையங்களால் கட்டிக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் தன் விமானத்தைப் பலகைமேல் வைத்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்து, பொத்தானை அழுத்தினார்.

"பசங்களுக்கு வேணுமுங்களே" என்றார்.

"வேணுமுங்க. வூட்டுல எப்பிடி இருக்காங்க?"

"இப்ப என்னையத்தான் கூப்புடறா."

டீச்சர் தலையாட்டினார். அடுத்த ரப்பர் வளையத்தை எடுத்தார்.

நஞ்சப்பன் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கேட்க வந்ததைக் கேட்டார்.

"ஆனா நேராகலீங்க டீச்சர். கை இருக்கற வரைக்கும் உக்காந்திருக்கா. எடுத்தா, பழையபடி சாஞ்சுக்கறா. எத்தனை நாளைக்குங்க இப்பிடியே?"

டீச்சர் வளையத்தை இழுத்து மாட்டினார். அது சரியாக விழுந்ததா என்று பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கை வலிக்குதுங்களா, சார்?"

நஞ்சப்பன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லீங்க."

"அப்பறம் என்னங்க" என்றார் டீச்சர்.